ஒரு கோப்பைத் திருத்தினால் இருபது பெட்டியும் திருந்தவேண்டும்

கணினி: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் பல, அன்பளிப்பாகக் கிடைத்த தின் கிளையன்ட் பெட்டிகளை (வேலையைச் சேர்வரில் செய்து திரையில் காட்டும் சிறு கணினிகள்) எப்படி ஓடவைப்பது என்று கேட்கின்றன. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கோப்பில் இடும்போது எல்லாவற்றையும் ஆங்கில எழுத்திலேயே இடுங்கள், குறிப்பு வரிகள் உட்பட.

கேள்வி: எங்கள் கணினிக்கூடத்துக்குப் பழைய மாணவர்கள் பாவித்த டெல் வைஸ் பெட்டிகள் இருபது அனுப்பியிருக்கிறார்கள். விண்டோஸ் சேர்வர் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் சேர்வர் முகவரி, திரை அளவு, நேரம் என்று கையால் இட்டுக் களைத்துப்போனோம். ஏதாவது ஒன்று மாறினால் திரும்பவும் இருபதையும் தொடவேண்டியிருக்கிறது. ஒரே இடத்தில் வைத்துச் செய்ய வழி உண்டா?
— தகவல் தொழில்நுட்ப ஆசிரியர், ஒட்டுசுட்டான்

பதில்: உண்டு, அப்படித்தான் செய்யவும் வேண்டும். பெட்டிக்குள் கையால் எதையும் இடாமல் இருப்பதுதான் தின் கிளையன்டின் பயனே. ஒன்று பழுதானால் இன்னொன்றைச் செருகி மின்சாரம் கொடுத்ததும் அது தானாக வேலைக்கு வரவேண்டும்.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வைஸ் பெட்டிகள் வெளியில் ஒரே மாதிரி இருந்தாலும் சிலவற்றில் வைஸின் சொந்த இயங்குதளமான தின்ஓஎஸ் இருக்கும், சிலவற்றில் விண்டோஸ், சிலவற்றில் லினக்ஸ். நாம் கீழே சொல்வது தின்ஓஎஸ் 8 வரையான பதிப்புகளுக்கு மட்டும் பொருந்தும். சிஸ்டம் இன்பர்மேஷன் பகுதியில் பதிப்பு எண் தெரியும். இருபது பெட்டியின் பதிப்பையும், அடியில் ஒட்டியுள்ள மக் முகவரியையும் (நெற்வேர்க்கில் பெட்டியைத் தனித்து அடையாளம் காட்டும் எண்) ஒரு தாளில் எழுதி, பெட்டிக்கு எண் ஒட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் தொடங்குகிறவர்கள் பிறகு ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் குனியவேண்டி வரும்.

தின்ஓஎஸ் தொடங்கும்போது டபிள்யூஎன்ஓஎஸ்.ஐஎன்ஐ என்ற சாதாரண எழுத்துக் கோப்பைத் தேடும். அதை எப்.ரி.பி. சேர்வரில் (கோப்புகளை வழங்கும் சேவை) வைக்கலாம், வெப் சேர்வரிலும் வைக்கலாம். எப்.ரி.பி.யின் வேர்க் கோப்புறைக்குள் ‘வைஸ்’, அதற்குள் ‘டபிள்யூஎன்ஓஎஸ்’, அதற்குள் இந்தக் கோப்பு. அதே இடத்தில் ‘ஐஎன்சி’ என்றொரு உட்கோப்புறையும் உருவாக்குங்கள், பிறகு தேவைப்படும். பெயரில்லா நுழைவுக்கு வாசிக்கும் உரிமை மட்டும் போதும், எழுதும் உரிமை கொடுக்கவே வேண்டாம். எப்.ரி.பி.க்குப் பதிலாக விண்டோஸின் ஐஐஎஸ் வெப் சேர்வரைப் பாவித்தால் ஒரு தடை வரும்: ஐஎன்ஐ என்ற நீட்சி அதற்குத் தெரியாத வகை என்பதால் கோப்பு இருந்தும் ‘404’ என்று சொல்லிவிடும். மைம் வகைகளில் அந்த நீட்சியை ‘டெக்ஸ்ட்/பிளெயின்’ என்று சேர்த்தால் சரி.

அடுத்தது, கோப்பு எங்கே இருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்வது. அதை, பெட்டிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் சேவையான டி.எச்.சி.பி. செய்கிறது. 161ஆம் இலக்கத் தெரிவில் கோப்புச் சேர்வரின் முகவரி, 162இல் வேர்ப்பாதை. உங்கள் அமைப்புக்கு 162இல் ஒற்றைச் சாய்கோடு போதும். இரண்டையும் ஸ்ட்ரிங் வகையாகவே இடவேண்டும். விண்டோஸ் சேர்வரின் டி.எச்.சி.பி. பகுதியில் ஐபிவி4 மேல் வலது சொடுக்கி, ‘செற் பிரிடிபைன்ட் ஒப்ஷன்ஸ்’ என்பதில் இந்த இரண்டையும் உருவாக்கிவிட்டு ஸ்கோப்பில் சேர்க்கலாம். லினக்ஸில் டிஎன்எஸ்மாஸ்க் பாவிக்கிறவர்கள் ஐபி முகவரியை மேற்கோள்குறிக்குள் இடவேண்டும். இல்லாவிட்டால் அது எழுத்தாகப் போகாமல் நாலு பைட் எண்ணாகப் போகும்.

தொலைபேசி நிறுவனங்கள் தரும் 4ஜி, பைபர் றவுட்டர்களில் பெரும்பாலும் இந்த இலக்கங்களை இட இடமே இராது. அதனால் றவுட்டரின் டி.எச்.சி.பி.யை நிறுத்திவிட்டு சேர்வரிடமே அந்த வேலையைக் கொடுங்கள். இன்ரர்நெற்றுக்கான கேற்வேயாக றவுட்டர் அப்படியே இருக்கலாம்.

இனிக் கோப்பு. ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும்:

# கணினிக்கூடம் பொதுக் கோப்பு
ஓட்டோலோட்=0
சைன்ஒன்=நோ
டைம்சேர்வர்=192.168.10.5
ரெசல்யூஷன்=டிடிசி
கனெக்ட்=ஆர்டிபி ஹோஸ்ட்=192.168.10.5 டிஸ்கிரிப்ஷன்="கிளாஸ் ரூம்" புல்ஸ்கிரீன்=யெஸ் ஓட்டோகனெக்ட்=1
இன்க்ளூட்=$மக்.ஐஎன்ஐ

இதோடு நேர வலயத்துக்கு ஜிஎம்டி +05:30 என்ற வரியைச் சேர்த்து, பகலொளி நேர மாற்றம் இல்லை என்றும் குறிப்பிடுங்கள்.

முதல் வரியான ஓட்டோலோட்=0 என்பதை யாரும் விடக்கூடாது. அது இல்லாவிட்டால், சேர்வரில் உள்ள மென்பொருளையும் தன்னிடம் உள்ளதையும் பெட்டி ஒப்பிட்டுத் தன்னைத் தானே மாற்றி எழுதத் தொடங்கலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பெட்டி செத்துவிடும். மின்வெட்டு எப்போது வரும் என்று தெரியாத இடத்தில், மென்பொருள் மேம்படுத்தலைப் பொதுக் கோப்பின் மூலம் ஒருபோதும் செய்யாதீர்கள். தேவையென்றால் யூபிஎஸ்ஸில் செருகி ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

கடைசி வரி ஒவ்வொரு பெட்டிக்கும் உரிய சிறு கோப்பை ‘ஐஎன்சி’ கோப்புறையிலிருந்து எடுக்கிறது. கோப்பின் பெயர் அந்தப் பெட்டியின் மக் முகவரி, இடையில் முக்காற்புள்ளி இல்லாமல். அதற்குள் டெர்மினல்நேம்=லேப்07 போல ஒரு வரி இருந்தால் போதும். ஒரு பெட்டியில் மட்டும் பழைய 4:3 திரை இருந்தால் அதன் ரெசல்யூஷனையும் அங்கே இடலாம். இந்தச் சிறு கோப்புகள் பருத்துக்கொண்டு போனால் பொதுக் கோப்பில் ஏதோ பிழையிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பெட்டிக்கும் பொதுவான எதையும் அங்கே விடவேண்டாம்.

மாணவர் அமைப்புகளைத் தொடாமல் பூட்டும் ‘பிரிவிலேஜ்’, ‘லொக்டவுன்’ வரிகளை வேண்டுமென்றே மேலே தரவில்லை. லொக்டவுன்=யெஸ் என்று வந்தால் அந்தப் பூட்டு பெட்டியின் நினைவகத்திலேயே பதிந்துவிடும். பிறகு கோப்புச் சேர்வர் இல்லாதபோதும் பூட்டு நிற்கும். முகவரியில் பிழைவிட்டுவிட்டுப் பூட்டினால் திருத்த உள்ளே போகமுடியாது. எல்லாம் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு அந்த வரியைச் சேருங்கள்.

இருபதிலும் ஒரே தடவையில் இறக்காதீர்கள். டி.எச்.சி.பி.யில் ஒரு பெட்டிக்கு மட்டும் ‘ரிசர்வேஷன்’ செய்து, அதற்குரிய 162ஐ ‘/டெஸ்ட்’ என்று மாற்றுங்கள். ‘டெஸ்ட்’ கோப்புறைக்குள் அதே வைஸ், டபிள்யூஎன்ஓஎஸ் அமைப்பின் பிரதி இருக்கட்டும். எந்த மாற்றமும் முதலில் அங்கே. அந்தப் பெட்டி ஒரு பாடவேளை முழுக்க ஒழுங்காக ஓடினால் கோப்பைப் பொது இடத்துக்கு மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் பழைய கோப்பைத் திகதி போட்டு வேறிடத்தில் பிரதி எடுத்துவையுங்கள். மற்றப் பெட்டிகளை ஒருமுறை நிறுத்தி இயக்கினால் போதும்.

பெட்டி கோப்பை எடுத்ததா என்பதை ஊகிக்கத் தேவையில்லை. சிஸ்டம் இன்பர்மேஷனில் ‘இவென்ட் லொக்’ பக்கம் எந்தச் சேர்வரைத் தேடியது, எந்தக் கோப்பு கிடைத்தது என்று வரிவரியாகக் காட்டும். சேர்வரையே காணவில்லை என்றால் விண்டோஸ் பயர்வோலில் எப்.ரி.பி. திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்வர் கிடைத்தும் கோப்பு கிடைக்கவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை கோப்பின் உண்மைப் பெயர் ‘டபிள்யூஎன்ஓஎஸ்.ஐஎன்ஐ.டிஎக்ஸ்டி’ என்றுதான் இருக்கும். நோட்பேட் சேர்த்த நீட்சியை விண்டோஸ் மறைத்துவிடுகிறது. லினக்ஸ் சேர்வர் என்றால் பெரிய, சின்ன எழுத்து வேறுபாடும் கவனிக்கப்படும். கோப்பு கிடைத்தும் ஒரு வரி மட்டும் வேலைசெய்யவில்லை என்றால் மேற்கோள்குறியைப் பாருங்கள்: வேர்டிலோ வட்ஸ்அப்பிலோ இருந்து ஒட்டியதில் வளைந்த மேற்கோள்குறி வந்திருக்கும். இடைவெளி உள்ள சொற்களுக்கு நேரான மேற்கோள்குறிதான் வேண்டும். நீண்ட வரியைப் பின்சாய்கோடு இட்டு முறித்தால், பின்சாய்கோடே அந்த வரியின் கடைசி எழுத்தாக இருக்கட்டும்.

கோப்போடு தொடர்பில்லாத இரண்டு விடயங்களும் கோப்பின் பிழைபோலவே தோற்றும். ஒன்று, ரிமோட் டெஸ்க்ரொப் உரிமம். விண்டோஸ் சேர்வரில் அந்தச் சேவையை நிறுவி உரிமம் இடாவிட்டால் 120 நாள் ஓடும், பிறகு எல்லாப் பெட்டியையும் ஒரே நேரத்தில் மறுக்கும். நாலு மாதம் நல்லாக ஓடியவை ஒரு காலையில் எல்லாம் மறுத்தால் கோப்பைத் தொடாதீர்கள், உரிமத்தைப் பாருங்கள். மற்றது, பெட்டிக்குள் இருக்கும் சிறு மின்கலம். பாவித்த பெட்டிகளில் அது செத்திருந்தால் திகதி பல வருடம் பின்னுக்குப் போய், சான்றிதழ் செல்லாது என்று இணைப்பு நிற்கும். மின்கலத்தை மாற்றுவது மலிவு. மேலே இட்ட டைம்சேர்வர் வரியும் இதற்காகத்தான். ஆனால் சேர்வரிலும் நேரச் சேவை இயங்கவேண்டும்.

கேள்வி: பழைய கணினிகள் பன்னிரண்டை லினக்ஸ் எல்.ரி.எஸ்.பி. மூலம் ஒரு சேர்வரிலிருந்து ஓட்டுகிறோம். எல்ரிஎஸ்பி.கொன்ப் கோப்பில் எதை மாற்றினாலும் கணினிகளில் ஒன்றும் மாறவில்லை. புதிதாகச் சேர்த்த மாணவர் கணக்குகளாலும் நுழைய முடியவில்லை. சேர்வரில் நுழைய முடிகிறது.
— கல்வி நிலைய நடத்துநர், புதுக்குடியிருப்பு

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே. புதிய எல்.ரி.எஸ்.பி.யில் கணினிகள் சேர்வரின் ‘ஈரிசி/எல்ரிஎஸ்பி’யில் உள்ள கோப்பை நேரடியாக வாசிப்பதில்லை. அதுவும் பயனர் பட்டியலும் ‘எல்ரிஎஸ்பி.ஐஎம்ஜி’ என்ற சிறு பொதிக்குள் அடைக்கப்பட்டு, கணினி தொடங்கும்போது அனுப்பப்படுகின்றன. நீங்கள் திருத்தியது மூலக் கோப்பை, கணினிகள் எடுப்பது பழைய பொதியை. ‘சூடோ எல்ரிஎஸ்பி இனிட்ஆர்டி’ என்ற கட்டளையை இட்டு, கணினிகளை மறுபடி இயக்குங்கள். சில விநாடியில் முடிகிற வேலை. கோப்பை மாற்றினாலும், பயனரைச் சேர்த்தாலும், சேர்வரின் எஸ்.எஸ்.எச். சாவி மாறினாலும் இதே கட்டளைதான்.

புதிய மென்பொருளை நிறுவினால் அது போதாது. அப்போது ‘எல்ரிஎஸ்பி இமேஜ் /’ இடவேண்டும். அது நேரம் எடுக்கும், சேர்வரையும் திணறவைக்கும், ஆகவே வகுப்பு முடிந்த பிறகு செய்யுங்கள்.

கோப்பு ஷெல் நடையில் வாசிக்கப்படுவதால் சமன்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. எல்லாக் கணினிக்கும் உரியவற்றைக் ‘கிளையன்ட்ஸ்’ பகுதியிலும், ஒன்றுக்கு மட்டும் உரியதை அதன் மக் முகவரியைச் சதுர அடைப்புக்குள் தலைப்பாக இட்டும் எழுதுங்கள், இங்கே முக்காற்புள்ளிகளோடு. உங்களுக்குப் பயன்படக்கூடிய வரி ஒன்று: குரொன்ராப்_ஓஃப்="0 18 * * * பவர்ஓஃப்" என்று கிளையன்ட்ஸ் பகுதியில் இட்டால் மாலை 6 மணிக்கு எல்லாக் கணினியும் தானாக நிற்கும். கடைசியாகப் போகிறவர் மறந்தாலும் மின்கட்டணம் ஏறாது.

இந்த முறையில் நிரல்கள் சேர்வரில் அல்ல, கணினியிலேயே ஓடுகின்றன என்பதையும் கவனியுங்கள். 1 ஜிபி றாம் உள்ள கணினியில் உலாவி திறந்தால் திணறும். 2 ஜிபிக்குக் குறைந்தவற்றுக்கு, கழித்த கணினிகளிலிருந்து றாம் கழற்றிப் போடுங்கள். அதற்கு எந்த அமைவுக் கோப்பாலும் பரிகாரம் இல்லை.

கேள்வி: எங்கள் சங்க அலுவலகத்தில் எட்டுப் பெட்டிகள். கரண்ட் போய் வந்தால் மூன்று நாலு பெட்டி ஒழுங்காக வருகிறது, மற்றவை ஒன்றும் அமைக்காத புதுப்பெட்டி போல நிற்கின்றன. மறுபடி இயக்கினால் சிலவேளை வேறு பெட்டிகள் அப்படி நிற்கின்றன.
— கூட்டுறவுச் சங்க ஊழியர், கிளிநொச்சி

பதில்: பழுது பெட்டி மாறி மாறி வருகிறது என்பதே விடையை அரைவாசி சொல்லிவிடுகிறது. பெட்டியில் பிழை என்றால் எப்போதும் அதே பெட்டிதான் நிற்கும், பொதுக் கோப்பில் பிழை என்றால் எல்லாப் பெட்டியும் நிற்கும். உங்கள் நெற்வேர்க்கில் இரண்டு டி.எச்.சி.பி. இருக்கிறது என்று நினைக்கிறோம். வெறுமையாக நிற்கும் பெட்டியில் அதன் ஐபி முகவரியைப் பாருங்கள். நல்ல பெட்டிகள் 192.168.10 என்று தொடங்க, இது 192.168.1 அல்லது 192.168.8 என்று தொடங்கினால், யாரோ செருகிய றவுட்டர் ஒன்று முந்திக்கொண்டு முகவரி கொடுத்திருக்கிறது. அதற்கு 161ஆம் இலக்கம் தெரியாது, பெட்டியும் கோப்பைத் தேடாது. வைபைக்காகப் புது றவுட்டர் வாங்கி, அதன் லான் துளையில் கேபிளைச் செருகிவிடுவது வழமையான காரணம். அதன் டி.எச்.சி.பி.யை நிறுத்துங்கள்.

முகவரிகள் எல்லாம் சரியென்றால் வேகம்தான் பிரச்சினை. பெட்டி அரை நிமிடத்தில் எழும், சேர்வர் எழச் சில நிமிடம் ஆகும். யார் பிந்தி எழுந்தாரோ அவருக்குக் கோப்பு கிடைக்கிறது. சேர்வரையும் சுவிட்சையும் றவுட்டரையும் ஒரே யூபிஎஸ்ஸில் இடுங்கள். பெட்டிகளுக்கு யூபிஎஸ் வேண்டாம், அவற்றில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. பயனரின் வேலை சேர்வரில் திறந்தபடியே இருக்கும், திரும்ப நுழைந்ததும் விட்ட இடத்திலேயே கிடைக்கும். யூபிஎஸ்ஸின் யூ.எஸ்.பி. கேபிளைச் சேர்வரில் செருகி, மின்கலம் குறைந்ததும் சேர்வர் ஒழுங்காக நிற்கும்படி அமையுங்கள். சேர்வரின் பயோஸில் மின்சாரம் திரும்பினால் தானாக இயங்கும்படியும், பெட்டிகளில் நின்றபடியே இருக்கும்படியும் வையுங்கள். சேர்வர் எழுந்த பிறகு ஆட்கள் பெட்டியை அழுத்தட்டும்.

சுவிட்ச் அமைக்கக்கூடிய வகை என்றால் இன்னொன்று: கேபிள்கள் வளையமாகாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ இயங்கும் துளை, கேபிள் உயிர்பெற்றதிலிருந்து 30 விநாடி எதையும் கடத்தாது (கேட்பதற்கு 15, கற்பதற்கு 15). அதற்குள் பெட்டி முகவரி கேட்டு அலுத்துவிடும். பெட்டிகள் செருகிய துளைகளில் போர்ட்பாஸ்ற் அல்லது எட்ஜ் என்பதை இயக்குங்கள். வேறு சுவிட்ச் செருகிய துளையில் வேண்டாம்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்து இடிமின்னலுக்கு யூபிஎஸ் காவல் இல்லை. கட்டடத்துக்குக் கட்டடம் வெளியால் இழுத்த செப்புக் கேபிள் வழியாக மின்னல் வந்து சுவிட்சையும் பெட்டிகளின் நெற்வேர்க் துளையையும் சேர்த்துக் கொண்டுபோகும். கட்டடங்களுக்கு இடையே பைபர் இழுங்கள். அதுவரை, வானம் இருண்டால் அந்த ஒரு கேபிளைக் கழற்றிவையுங்கள்.

கேள்வி: தமிழ் தட்டச்சை அமைவுக் கோப்பில் எந்த வரியில் இடுவது? சிலர் பாமினி, சிலர் யூனிகோட்.
— அலுவலக உதவியாளர், செட்டிகுளம்

பதில்: ரிமோட் டெஸ்க்ரொப் பெட்டி என்றால் எந்த வரியிலும் வேண்டாம். பெட்டி எந்த விசை அழுத்தப்பட்டது என்று மட்டும் அனுப்புகிறது. எழுத்தாக்குவது சேர்வர். பெட்டியின் விசைப்பலகை அமெரிக்க ஆங்கிலமாகவே இருக்கட்டும். தமிழ் விசைப்பலகையையும் எழுத்துருக்களையும் சேர்வரில் நிறுவுங்கள். பாமினி ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் வடிவம் காட்டும் எழுத்துரு மட்டுமே என்பதால் சேர்வரில் எழுத்துரு இருந்தாலே போதும்.

எல்.ரி.எஸ்.பி. என்றால் ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவுங்கள். அதில் இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகை இருக்கிறது. நிறுவியதும் ‘எல்ரிஎஸ்பி இமேஜ் /’ இடவேண்டும். புதிதாகத் தொடங்கும் ஆவணங்களை யூனிகோடிலேயே எழுதப் பழக்குங்கள். பாமினியில் எழுதியதைத் தேடவும் முடியாது, எழுத்துரு இல்லாத கணினியில் வாசிக்கவும் முடியாது.

கேள்வி: புதிதாக வந்த வைஸ் பெட்டிகளில் தின்ஓஎஸ் 9. கோப்பைக் கண்டுகொள்வதே இல்லை. எச்.பி. தின்புரோ பெட்டிகளும் உண்டு. இரண்டுக்கும் ஒரே கோப்பு போடலாமா?
— வலைப்பின்னல் பொறுப்பாளர், மல்லாவி

பதில்: முடியாது. 9ஆம் பதிப்பு ஐஎன்ஐ கோப்பைக் கைவிட்டுவிட்டது. அதற்கு வைஸ் மனேஜ்மென்ட் சுயிற் என்ற மென்பொருளில் குழு ஒன்று உருவாக்கி, அங்கே அமைவை இடவேண்டும். டி.எச்.சி.பி.யில் 165 அந்தச் சேர்வரையும், 199 குழுவின் அடையாளச் சொல்லையும் கொடுக்கும். தின்புரோ தன் எக்ஸ்.எம்.எல். புரொபைலை 137ஆம் இலக்கத்தில் தரும் சேர்வரில் தேடும், அல்லது டி.என்.எஸ்ஸில் ‘ஓட்டோ-அப்டேற்’ என்ற பெயரில் தேடும். புரொபைலைக் கையால் எழுதாமல் அவர்களின் புரொபைல் எடிற்றரிலேயே ஆக்குங்கள். இந்த இலக்கங்கள் ஒன்றோடொன்று மோதாது. ஒரே டி.எச்.சி.பி.யில் எல்லாவற்றையும் வைக்கலாம், அவரவர் தமக்குரியதை எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஊழியர்கள் கடவுச்சொல்லை மறப்பதால் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கோப்பிலேயே இட்டுவிட்டேன். பாதுகாப்பானதா?
— சிக்கனக் கடனுதவிச் சங்கம் ஒன்றின் கணக்காளர், அடம்பன்

பதில்: இல்லை. இன்றே எடுத்துவிடுங்கள். பெயரில்லா எப்.ரி.பி.யில் உள்ள கோப்பை உங்கள் வைபையில் இணைந்த எவரும் தொலைபேசியாலேயே வாசிக்கலாம். எல்.ரி.எஸ்.பி.யின் பொதியும் ரி.எப்.ரி.பி. வழியாகக் கேட்பவர் எவருக்கும் கிடைக்கும். அதில் கடவுச்சொல் பேஸ்64 வடிவில் உருமாறித் தெரிவது மறைகுறியாக்கம் அல்ல, ஒரே கட்டளையில் திருப்பிவிடலாம். தானாக நுழைவது, எதையும் அழிக்க முடியாத பொதுக் கணக்குக்கு மட்டும் பொருந்தும். அங்கத்தவர் சேமிப்பும் கடனும் பதியும் கணக்குக்கு ஒருபோதும் வேண்டாம். கோப்பிலிருந்து வரியை நீக்கினால் மட்டும் போதாது, திகதி போட்டு வைத்த பழைய பிரதிகளிலும் அது இருக்கும். அந்தக் கடவுச்சொற்களையே மாற்றிவிடுங்கள். வருகிறவர்களுக்கு வைபை கொடுக்கவேண்டுமென்றால், றவுட்டரில் விருந்தினர் வலையைத் தனியாகத் திறந்து, பெட்டிகள் இருக்கும் வலையைத் தொடமுடியாதபடி பிரித்துவையுங்கள்.